பழம்பெரும் மனைகளும் தீக்காப்பீடும்

அடுப்பில் அடங்கி நிற்கும்வரை தீ நமக்கு ஏவல் செய்யும். அடுப்பை விட்டு ஓரடி வெளியே வந்துவிட்டாலோ, அதற்கு ஆண்டான் என்றும் அடிமை என்றும் வேற்றுமை தெரியாது. கி. பி. 1666-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் பொழுது புலருமுன், இலண்டன் மாநகரில் புட்டிங் சந்து என்னும் குறுகிய தெருவில், தாமஸ் பாரினர் என்பவருடைய ரொட்டிக் கூடத்தில் தீப் பற்றியது. கோடை வெயிலில் காய்ந்து கிடந்த மர வீடுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. கீழ்க்காற்றும் வலுத்து வீசிற்று. நான்கு நாள்கள் எரிந்த அத் தீயில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 கோயில்களும் அழிந்தன. தூய பவுல் பெருங்கோயிலின் காரீயக் கூரை உருகித் தெருவில் ஆறாய் ஓடிற்று.

தீ அவிந்த பின்னர் வேறொரு துன்பம் தலைதூக்கியது. குடியிருந்தோர் பலர், வீடு பழுதுற்றால் தாமே அதைச் செப்பனிடுவதாகவும், குத்தகைக் காலம் முடியும்வரை வாடகை தருவதாகவும் எழுதிக் கொடுத்திருந்தனர். வீடோ சாம்பலாயிற்று. இல்லாத வீட்டுக்கு வாடகை கொடுப்பது எங்ஙனம்? சாம்பலின்மேல் மீண்டும் வீடு கட்டுவது யார் பொறுப்பு? இவ் வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே ‘தீ நீதிமன்றம்’ ஒன்று 1667-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நீதிபதிகள் இழப்பைப் பங்கிட்டுத் தர இயன்றதேயன்றி, அதனை ஈடுசெய்ய அவர்களிடம் பொருள் இல்லை.

அக் குறையை ஒரு வாணிகமாகக் கண்டவர் நிக்கலஸ் பார்பன் என்பவர். மருத்துவம் பயின்ற இவர், பெருந்தீக்குப்பின் வீடுகட்டும் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். 1680-ஆம் ஆண்டில், வீடுகளைத் தீயினின்று காக்கும் காப்பீட்டு அலுவலகம் ஒன்றை இலண்டனில் திறந்தார். ஆண்டுதோறும் ஒருவர் செலுத்தும் தொகை சிறியது. ஆயிரம் பேர் செலுத்தினால் அது பெருநிதி. ஆயிரம் வீடுகளில் ஓராண்டில் எரிவன ஒன்றோ இரண்டோ. ஆகவே, எரியாத வீடுகளின் பணம் எரிந்த வீட்டை எழுப்புகிறது. இன்ஷூரன்ஸ் என்று வழங்கும் காப்பீட்டின் அடிப்படை இவ்வளவே. பார்பன் செங்கல் வீட்டுக்கு வாங்கிய கட்டணத்தைப்போல் இருமடங்கு மர வீட்டுக்கு வாங்கினார். இடர் மிகுதியானால் கட்டணமும் மிகுதியாகும் என்னும் விதி அன்றே பிறந்துவிட்டது.

காப்பீடு செய்த வீட்டின் முகப்பில் காரீயத் தகடு ஒன்றைப் பதிப்பது அக்கால வழக்கம். 1710-ஆம் ஆண்டில் தோன்றிய ‘சன்’ கழகத்தின் தகட்டில் முகத்தோடு கூடிய ஞாயிறு பொறிக்கப்பட்டிருந்தது. வேறொரு கழகம் சாம்பலினின்று எழும் பீனிக்ஸ் பறவையைத் தன் சின்னமாகக் கொண்டது. அதனினும் பொருத்தமான சின்னம் கிடைத்தல் அரிது! கழகங்கள் தத்தமக்கெனத் தீயணைப்பு வீரர்களையும் வைத்திருந்தன. தகடு இல்லாத வீட்டை அவ் வீரர்கள் எரியவிட்டு வேடிக்கை பார்த்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றறிஞர் பலர் அதனை ஏற்பதில்லை. அடுத்த வீடு எரிந்தால் தம் தகடுள்ள வீட்டுக்கும் ஆபத்து என்பதை அறியாத அளவுக்கு அக் கழகங்கள் பேதைமை உடையன அல்ல. 1833-இல் அவை தம் படைகளை ஒன்றாக இணைத்தன. 1866-இலிருந்து இலண்டனில் தீயணைப்பு பொதுப்பணி ஆயிற்று. பழைய தகடுகளோ இன்றும் சில வீட்டுச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; அவற்றைத் தாங்கும் வீடுகளே இன்று பாதுகாக்கப்பட வேண்டிய பழம்பொருள்கள் ஆகிவிட்டன.

இங்கேதான் நம் பொருள் தொடங்குகிறது. புதிய வீட்டைக் காப்பீடு செய்வதும், முந்நூறு ஆண்டு நின்ற வீட்டைக் காப்பீடு செய்வதும் ஒன்றுபோலத் தோன்றும், ஆயின் ஒன்றல்ல.

இரண்டாம் உலகப் போரில் செருமானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் இங்கிலாந்தின் பழைய நகரங்கள் பல சிதைந்தன. இடிந்தவற்றுள் எவற்றைத் தாங்கி நிறுத்துவது, எவற்றை அகற்றுவது என்ற கேள்வி எழுந்தபொழுது, எவை அரியன என்று காட்டும் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. அத் தேவையினின்று, 1944, 1947-ஆம் ஆண்டுகளின் நகர்ப்புற, நாட்டுப்புறத் திட்டச் சட்டங்களின் வழியே, ‘பட்டியலிட்ட கட்டடங்கள்’ என்னும் முறை உருவாயிற்று. கட்டடங்கள் முதல் தரம், விண்மீன் குறியிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று படிகளாகப் பகுக்கப்பட்டன. 1700-ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்டுப் பெரிதும் பழைய நிலையிலேயே நிற்பன யாவும் பட்டியலில் சேர்வதற்கு உரியவை. இங்கிலாந்தில் மட்டும் இன்று மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அவற்றுள் முதல் தரம் நூற்றுக்கு இரண்டரை அளவே. பெருங்கோயில்களும் கோட்டைகளும் மட்டும் அப் பட்டியலில் உள்ளன என்று கருதிவிடலாகாது. கூரை வேய்ந்த குடியானவன் குடிசை, பாலம், ஆலை, தெருமுனையில் நிற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஆகியனவும் அதில் இடம் பெற்றுள்ளன.

பட்டியலில் ஏறிய கட்டடத்தின் உரிமையாளர்க்குப் பெருமை உண்டு, பொறுப்பும் உண்டு. உரிய அதிகாரிகளின் இசைவின்றி அவர் அதனை இடிக்கலாகாது. அதன் இயல்பு மாறும்படி திருத்தவும் ஆகாது. மீறினால் அது குற்றம். அக் கட்டடம் தீக்கு இரையாகிக் கரிந்த சுவர்களாய் நின்றாலும், பட்டியலினின்று அதன் பெயர் தானாக நீங்குவதில்லை. “எரிந்தது எரிந்ததுதான், இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாய் ஒன்று கட்டிக்கொள்கிறேன்” என்று உரிமையாளர் கூற முடியாது. கருங்காலி போன்ற உறுதியுடைய ஓக்கு மர உத்தரம் இருந்த இடத்தில் ஓக்கு உத்தரமும், கையால் அறுத்த செங்கல் இருந்த இடத்தில் கையால் அறுத்த செங்கல்லும், சுண்ணாம்புச் சாந்து பூசிய இடத்தில் சுண்ணாம்புச் சாந்தும் வைக்குமாறு அதிகாரிகள் வற்புறுத்தலாம். அவற்றைச் செய்யவல்ல கொத்தரும் தச்சரும் சுதைவேலைக்காரரும் இன்று ஊருக்கு ஊர் கிடைப்பதில்லை; கிடைத்தால் அவர்தம் கூலி உயர்ந்தது, வேலையும் மெல்லவே நடக்கும்.

ஆகையால், பழங்கட்டடத்தைக் காப்பீடு செய்பவர் முதற்கண் எதிர்ப்படும் கேள்வி, “எவ்வளவு தொகைக்கு?” என்பதாகும். பெரும்பாலோர் இங்கே வழுக்கி விழுகின்றனர். விற்றால் என்ன விலை பெறுமோ அதனையே காப்பீட்டுத் தொகையாகக் குறித்துவிடுகின்றனர். விற்பனை விலையில் நிலத்தின் விலை அடங்கியிருக்கிறது, நிலம் எரிவதில்லை. மற்றொருபால், நாட்டுப்புறத்தே தனித்து நிற்கும் பழைய மாளிகையை வாங்குவார் சிலரே. அதன் சந்தை விலை தாழ்ந்திருக்கும். ஆனால் அதனை மீண்டும் முன்போல் எழுப்பும் செலவு அவ்விலையைப்போல் பன்மடங்கு ஆகலாம். இவ்விரு தொகைகளுக்கும் உறவே இல்லை. காப்பீட்டுக்கு வேண்டியது பின்னதே.

அச்செலவையும் சுவரை அளந்து மட்டும் கணக்கிட இயலாது. தீ அவிந்த மறுநாள், சாயும் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். மழை உட்புகாமல் தற்காலிகக் கூரை வேயவேண்டும். இடிபாட்டைக் கூடைகூடையாய்ச் சலித்து, பிழைத்த துண்டுகளைப் பொறுக்கவேண்டும். கட்டடக்கலைஞர், பொறியாளர், பழம்பொருள் ஆய்வாளர் ஆகியோர்க்கு ஊதியம் அளிக்கவேண்டும். தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரை உறிஞ்சிக்கொண்ட தடித்த சுவர்கள் உலரும்வரை காத்திருக்கவேண்டும். உலருமுன் மரம் வைத்துப் பூசினால் பூஞ்சை பிடித்துப் புதுவேலையும் கெடும். இவை யாவும் நடந்தேற மூன்றாண்டோ ஐந்தாண்டோ கழியலாம். அதற்குள் கூலியும் விலையும் ஏறிவிடும். காப்பீட்டுத் தொகையைக் குறிக்கும் நாளிலேயே இவ் ஏற்றத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்தால், முழுவதும் எரிந்தால் மட்டும்தானே நட்டம், சிறுதீக்கு அத்தொகை போதுமன்றோ என்று ஒருவர் கேட்கலாம். போதாது. காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் விகிதாசார விதி ஒன்று உண்டு. அதனை ஒரு கணக்கால் விளக்குவோம். மாளிகை ஒன்றை மீண்டும் எழுப்ப 10 இலட்சம் பவுன் ஆகும். உரிமையாளர் சிக்கனம் கருதி 5 இலட்சத்துக்கே காப்பீடு செய்துள்ளார். ஒருநாள் அதன் ஒருபுறம் மட்டும் எரிகிறது. நட்டம் 2 இலட்சம். தாம் காப்பீடு செய்த தொகைக்குள் அடங்கியதே என்று அவர் மகிழ்வார். கழகமோ, “நீவிர் பாதிப் பொறுப்பையே எம்மிடம் ஒப்படைத்தீர், மறுபாதிக்கு நீவிரே காப்பாளர்” என்று கூறி, 1 இலட்சமே கொடுக்கும். இது கொடுமை போலத் தோன்றினும் நேர்மையற்றதன்று. முழுத்தொகைக்குக் கட்டணம் செலுத்திய அடுத்த வீட்டாரின் பணத்தினின்றுதானே இழப்பீடு வழங்கப்படுகிறது?

பத்திரத்தில் மற்றொன்றையும் ஊன்றிப் படிக்கவேண்டும். மீளக்கட்டுவதற்கு ஆகும் செலவைத் தருவதாக எழுதப்பட்ட பத்திரம், பொதுவாக, மீளக் கட்டினால்தான் அத்தொகையைத் தரும். கட்டாது விட்டுப் பணத்தை மட்டும் பெற விரும்பினால், கைக்கு வருவது மிகக் குறைவாக இருக்கலாம். ஒரு பழங்கட்டடம் மீண்டும் எழுவதா, பாழாய்க் கிடப்பதா என்பதை, சில வேளைகளில், பத்திரத்தின் சொற்களே முடிவு செய்கின்றன.

இவையெல்லாம் ஒருங்கே விளங்கும் நிகழ்ச்சி ஒன்றை இனிக் காண்போம்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், மேற்குச் சசெக்ஸ் மாவட்டத்துக் குன்றின்மேல், அப்பார்க் என்னும் மாளிகை உள்ளது. 1690-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பெதர்ஸ்டன்ஹா குடும்பத்தார் இதனை வாங்கி, இத்தாலியப் பயணத்தில் திரட்டிய ஓவியங்களாலும் தட்டுமுட்டுப் பொருள்களாலும் நிறைத்தனர். அக்குடும்பத்து ஹாரி பிரபு, முதுமைக் காலத்தில், தம் பால்பண்ணையில் வேலைசெய்த பெண்ணை மணந்துகொண்டார். கணவர் மறைந்தபின் அவ்வம்மையாரும் அவர் தங்கையும் மாளிகையில் எதனையும் மாற்றவில்லை. திரைச்சீலை வெளுத்தது; பொன்முலாம் மங்கியது; எனினும் அவை அவ்வவ்விடத்தே இருந்தன. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சின் தாய் 1880 முதல் 1893 வரை இங்கே இல்லக் காப்பாளராகப் பணிபுரிந்தார். இம்மாளிகை நூல்களைப் படித்தே சிறுவன் வெல்ஸ் அறிவுப் பசி தணித்துக்கொண்டான். 1954-இல் மாளிகை, ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் அறநிலையத்தின் கைக்கு வந்தது.

1989-ஆம் ஆண்டில் கூரையைச் செப்பனிடும் பணி நடந்தது. இன்னும் இரண்டொரு நாளில் வேலை முடிந்துவிடும். ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், காரீயத் தகட்டை இணைப்பதற்காகத் தொழிலாளர் பயன்படுத்திய ஊதுவிளக்கின் அனல், கண்ணுக்குத் தெரியாமல் தகட்டின் அடியிலிருந்த மரத்தைப் பற்றியது. பிற்பகலில் பார்வையாளர் மாளிகைக்குள் உலவிக்கொண்டிருக்கும்பொழுதே புகை எழுந்தது. பணியாளரும் அறநிலையத்தாரும் தீயணைப்பு வீரரும் வரிசையாய் நின்று, ஓவியங்களையும் நாற்காலிகளையும் கம்பளங்களையும் கைக்குக் கை மாற்றி வெளியே புல்வெளியில் சேர்த்தனர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பொம்மை வீடு ஒன்று, தன்னுள்ளிருந்த சின்னஞ்சிறு பாண்டங்களோடும் பதுமைகளோடும் தப்பிப் பிழைத்தது. அதனைக் காத்த பெரிய வீடோ இரவுக்குள் கூரையை இழந்தது. மேல்மாடங்கள் கீழே சரிந்து, தரைத்தளத்து அறைகளை எரிந்த மரத்தாலும் சாந்தாலும் நிரப்பின.

அப்பார்க்கை என்ன செய்வது என்பது குறித்துக் கருத்துவேறுபாடு எழுந்தது. அழிந்ததை மீண்டும் செய்தால் அது பழமையன்று, போலி என்றனர் சிலர். எனினும், தரைத்தளத்துச் சுவர்களும் மரப்பலகை வேலைப்பாடுகளும் பெரும்பகுதி எஞ்சியிருந்தன. அறைகளுக்குரிய பொருள்களும் கைவசம் இருந்தன. காப்பீடும் இருந்தது. “தீப்பற்றிய நாளுக்கு முந்திய நாள் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்குவது” என்று அறநிலையம் முடிவு செய்தது. அம் முடிவைச் செயற்படுத்தும் பொருள்வலிமையைக் காப்பீடே அளித்தது என்றால் மிகையாகாது.

அதன்பின் நடந்தது பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இடிபாடு முழுவதும், எந்த அறையின் எந்த மூலையில் கிடந்தது என்று குறிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் இடப்பட்டது. அவற்றைச் சலித்தபோது கதவுப் பிடிகளும், விளக்குச் சரத்தின் பளிங்குத் துண்டுகளும், மரச்செதுக்கின் இலைகளும், விட்டத்துச் சுதையின் சிறு சில்லுகளும் கிடைத்தன. சுதை வேலைக்கு வந்தபொழுதுதான் பெரிய தடை தோன்றியது. அச்சில் வார்க்காமல், ஈரச்சாந்தை விட்டத்திலேயே விரலாலும் கரண்டியாலும் குழைத்துப் பூவும் கொடியும் ஆக்கும் கலை, இங்கிலாந்தில் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து எவ்வளவு நேரத்தில் இறுகும், எப்பொழுது தொடவேண்டும், எப்பொழுது தொடலாகாது என்பதையெல்லாம் கைவினைஞர் மீண்டும் பழகிக் கற்கவேண்டியதாயிற்று. புதுப்பொன்முலாம் பளபளத்தால் பழையதோடு ஒவ்வாது என்று, அதன் மினுக்கத்தைக் குறைத்தனர். 1995-இல் மாளிகை மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 2 கோடிப் பவுன். ஒரு தீயின் இழப்பீட்டுப் பணம் ஒரு நாட்டின் மறந்துபோன கைத்தொழிலுக்கு உயிர் கொடுத்தது என்பதைக் காப்பீட்டுக் கணக்கேடுகளில் தேடினால் காணமுடியாது.

செப்பனிடும் காலமே பழங்கட்டடத்துக்கு மிகுந்த ஆபத்துக் காலம் என்பதை அப்பார்க் உலகுக்கு உணர்த்தியது. பாரிசு நகரத்து நோத்ருதாம் பெருங்கோயில் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் எரிந்தபொழுதும் செப்பனிடும் சாரம் அதனைச் சூழ்ந்திருந்தது. 2014-இல் தீயால் சேதமுற்ற கிளாஸ்கோ கலைப்பள்ளி, மீட்கப்பட்டுவந்த வேளையிலேயே, 2018-இல் மீண்டும் எரிந்தது. ஆகவே, காப்பீட்டுக் கழகங்கள் பழங்கட்டடங்களின் பத்திரத்தில் நிபந்தனைகள் பல விதிக்கின்றன. ஊதுவிளக்கோ பற்றவைப்புக் கருவியோ பயன்படுத்துமுன் எழுத்தால் இசைவு பெறவேண்டும். அருகே தீயணைப்புக் கருவி இருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின்னும் குறித்த நேரம்வரை ஒருவர் அங்கேயே இருந்து கனல் உளதா என்று பார்க்கவேண்டும். மின்கம்பிகளைக் காலந்தோறும் சோதிக்கவேண்டும். கூரை வேய்ந்த வீடாயின் புகைபோக்கியைத் தவறாது துடைக்கவேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு எனின், பழைய மாளிகையின் உடலமைப்பே காரணம். பலகைச் சுவருக்குப் பின்னும், தரைக்கு அடியிலும், விட்டத்துக்கு மேலும் வெற்றிடங்கள் உள்ளன. கூரையடி வெளி, தடுப்புச் சுவரின்றி ஒருகோடி முதல் மறுகோடிவரை நீண்டு கிடக்கும். அறையில் இருப்பவர் கண்ணுக்குப் படாமலே தீ அவ்வழிகளில் ஊர்ந்து, எதிர்பாராத இடத்தில் வெளிப்படும். கதவுகளில் தடுப்பும், புகையுணர் கருவியும் அமைக்கலாம். ஆயின் நூற்றாண்டுச் சுதையைத் துளைக்காமல் அமைக்கவேண்டும். காப்பீட்டாளர் விரும்புவதும் பழமையைக் காப்பார் விரும்புவதும் சிலபோது முரண்படுவதுண்டு.

காப்பீடே செய்யாத கட்டடங்களும் உள்ளன. அவை ஏழைகளுடையவை அல்ல, அரசுக்கு உரியவை! அரசுக்கு ஆயிரக்கணக்கான கட்டடங்கள் உண்டு. அவை அனைத்துக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவதினும், எரிந்தபோது தன் கருவூலத்தினின்று எடுத்துக் கட்டுவது சிக்கனம் என்று அது கருதுகிறது. ஆயிரம் வீட்டார் கூடிச் செய்யும் பங்கீட்டைத் தன் ஒரு கையாலேயே செய்துகொள்கிறது எனலாம். பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருங்கோயில்கள் அரசுக்கு உரியவை. நோத்ருதாம் எரிந்தபொழுது இழப்பீடு கேட்கக் காப்பீட்டுக் கழகம் எதுவும் இல்லை. உலகெங்குமிருந்து குவிந்த நன்கொடை கைகொடுத்தது. 2024 டிசம்பரில் கோயில் மீண்டும் திறக்கப்பட்டது.

நன்கொடை எப்பொழுதும் இவ்வாறு வந்து குவியும் என்பதற்கில்லை. 1992-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் விண்ட்சர் அரண்மனையின் தனிக் கோயிலில், ஒளிவிளக்கு ஒன்று திரைச்சீலையைத் தொட்டுச் சூடேற்றியதால் தீ மூண்டது. 15 மணி நேரம் எரிந்து, 115 அறைகளைச் சேதப்படுத்தியது. மின்கம்பி வேலைக்காகப் பல அறைகளினின்று ஓவியங்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தமை நற்பேறு. அரண்மனைக்குக் காப்பீடு இல்லை. செலவை அரசு ஏற்கும் என்று அமைச்சர் அறிவித்ததும் மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. நாட்டில் தொழில்மந்தம் நிலவிய காலம் அது. வேலையிழந்தவன் வரிப்பணத்தில் அரசியின் மாளிகையைக் கட்டுவதா என்று கேட்டனர். இறுதியில், பக்கிங்காம் அரண்மனையை 1993-ஆம் ஆண்டுமுதல் கோடைக்காலத்தில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் காண வழிசெய்து, செலவில் நூற்றுக்கு எழுபது பங்கு அவ்வருவாயினின்று திரட்டினர். 3 கோடியே 65 இலட்சம் பவுன் செலவில், தீப்பற்றிய நாளினின்று சரியாக ஐந்தாண்டு கழித்து, 1997 நவம்பர் 20-இல் பணி முற்றுப்பெற்றது. யார் கொடுப்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பதுதான் காப்பீட்டுப் பத்திரம். விண்ட்சரில் அவ் விடையைச் சாம்பலின்மேல் நின்று தேடவேண்டியதாயிற்று.

இதற்கு மாறாக, யார்க் நகரத்துப் பெருங்கோயிலுக்குக் காப்பீடு இருந்தது. தேவாலயங்களைத் தீயினின்று காக்கவென்றே 1887-இல் தோன்றிய கழகம் அதனை ஏற்றிருந்தது. 1984 ஜூலை 9-ஆம் நாள் பொழுது புலருமுன், பெரும்பாலும் மின்னலால், கோயிலின் தென்சிறகுக் கூரை எரிந்தது. தீ நடுக்கோபுரத்துக்குத் தாவாதவாறு, வீரர்கள் எரியும் கூரையை நீர்த்தாரையால் வேண்டுமென்றே வீழ்த்தினர். வட்டப் பலகணியின் வண்ணக் கண்ணாடி ஆயிரக்கணக்கான விரிசல்களுற்றும் சட்டத்தைவிட்டு விழவில்லை. 1988-க்குள் கூரை மீண்டும் எழுந்தது. தொலைக்காட்சி வழியே சிறுவர்க்கு ஒரு போட்டி வைத்து, அவர்கள் வரைந்தவற்றுள் ஆறினைக் கூரையின் மரப்புடைப்புகளாகச் செதுக்கினர். திங்களில் மனிதன் காலடி வைத்தது அவற்றுள் ஒன்று. இழப்பீட்டுப் பணம் பழையதையே திரும்பத் தரவேண்டும் என்பதில்லை. சிறுவர் கைவண்ணத்துக்கும் இடமளிக்கலாம்.

பணம் இருந்தும் பழையதை மீட்காத மாளிகையும் உண்டு. சரே மாவட்டத்தில் உள்ள கிளாண்டன் மாளிகை, ஜாக்கமோ லியோனி என்னும் இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆன்ஸ்லோ பிரபுவுக்காக 18-ஆம் நூற்றாண்டில் அமைத்தது. அதன் சலவைக்கல் மண்டபமும், அம்மண்டபத்து விட்டத்தின் சுதை உருவங்களும் நாடெங்கும் புகழ்பெற்றவை. அப்பார்க்கைப் போலவே இதுவும் ‘நேஷனல் டிரஸ்ட்’ அறநிலையத்துக்கு உரியது, காப்பீடும் செய்யப்பட்டிருந்தது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், நிலவறையில் இருந்த மின்விநியோகப் பலகை ஒன்றின் பழுதினால் தீத் தோன்றியது. மறைந்த வெற்றிடங்கள் வழியே மேலேறி, சில மணி நேரத்தில் கூரைவரை பரவியது. நான்கு புறச்சுவர்களும் நின்றன. உள்ளே ஏறத்தாழ யாவும் போயின. ஒரே ஓர் அறை மட்டும் தப்பியது. ஆன்ஸ்லோ குடும்பத்தினர் மூவர் ஆங்கில நாடாளுமன்றத்தின் அவைத்தலைவராய் விளங்கியதை நினைவூட்டும் ‘அவைத்தலைவர் அறை’ அது.

முதலில், தரைத்தளத்துச் சிறப்பறைகளைப் பழையபடி ஆக்குவதென்று அறநிலையம் அறிவித்தது. ஆய்ந்து பார்க்கப் பார்க்க, அப்பார்க்கில் இருந்தது இங்கே இல்லை என்பது விளங்கியது. அங்கே தரைத்தளத்து வேலைப்பாடு பெரும்பகுதி எஞ்சியிருந்தது; இங்கே எஞ்சியது மிகச் சிறிது. அறைகளில் வைப்பதற்குரிய பொருள்களும் பெரும்பாலும் சாம்பலாயின. 2022-ஆம் ஆண்டில் திட்டம் மாறியது. எரிந்த உட்புறத்தைக் காப்பாற்றி அவ்வாறே காட்டுவது, புதுக்கூரையும் நடைபாதைகளும் அமைப்பது என்று முடிவாயிற்று. இழப்பீடு பெற்றும் மீளக்கட்டாதது நம்பிக்கைக்கு மாறு என்று ஒருசாரார் குறைகூறினர். எரிந்த சுவரில்தான் கட்டடத்தின் உண்மை தெரிகிறது என்றனர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், எஞ்சியது ஒன்றுமில்லாத அறையில் எல்லாவற்றையும் புதிதாய்ச் செய்து வைத்து, அதனை 18-ஆம் நூற்றாண்டு என்று அழைப்பதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று. கிளாண்டனில் இன்று சாந்து உதிர்ந்த இடங்களில் செங்கல்லும், செங்கல்லுக்கிடையே எரிந்த மரச்சட்டத்தின் முனைகளும், மாடங்கள் இருந்த உயரத்தில் தொங்கும் கணப்பு மாடங்களும் தெரிகின்றன. முந்நூறு ஆண்டுகளாகச் சுதைக்குப் பின்னே மறைந்திருந்த கொத்தர் கைவேலை இது. கட்டியவர்களுக்குப் பின்னர் அதனைப் பார்த்தவர் எவரும் இலர்.